ஒரு பானை, நூறு பருக்கை

அக்கா ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு மேல் ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஒரு சிகிச்சை மையத்தின் விலைப்பட்டியல் அது. ‘குடல் சீரமைப்புத் திட்டம், மூன்று மாதம்’ என்ற தலைப்பின் கீழ் உயிருள்ள பாக்டீரியா கலந்த ஒரு புரோபயாட்டிக் பொடி, ஒரு மலப் பரிசோதனை, ஓர் உணவு அட்டவணை ஆகிய மூன்றுக்கும் சேர்த்து ஒரு தொகை போட்டிருந்தார்கள். அது அவளுடைய ஒரு மாதச் சம்பளத்தைவிடச் சற்று அதிகம். குடல் நுண்ணுயிர்களை மாற்றினால் ஆட்டிசத்தின் அறிகுறிகள் குறையும் என்பது ஆய்வில் நிரூபிக்கப்பட்டிருக்கிறது என்று அடியில் ஒரு வரி இருந்தது. மறுநாள் காலையில் அவளே அழைத்தாள். “நீ எலிய வச்சுத்தானடா ரெண்டு வருஷம் வேலை பாத்த? இது நெசமான்னு நீயே சொல்லு.”

அவளுடைய மகனுக்கு ஒன்பது வயது. தமிழில் ஆட்டிசத்தை மதியிறுக்கம் என்றும் எழுதுகிறார்கள்; என் மருமகனின் மதியில் எந்த இறுக்கத்தையும் நான் கண்டதில்லை, இறுக்கமெல்லாம் வயிற்றில்தான் என்பதால் இங்கே ஆட்டிசம் என்றே எழுதுகிறேன். நான்கு நாளுக்கு ஒரு முறைதான் அவனுக்கு மலம் கழியும். அந்த நான்காம் நாள் முழுவதும் வீட்டில் அவன் அழுகைதான் கேட்கும். அவன் சாப்பிடுவதும் சிலவே: தாளிக்காத தயிர்சாதம், தோல் சீவிய ஆப்பிள், ஒரே ஒரு வகை பிஸ்கட், ஆறிப்போன இட்லியின் நடுப்பகுதி. ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் மலச்சிக்கல், வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு ஆகியவை மற்றக் குழந்தைகளைவிட அதிகம் என்பது வெகுநாளாகத் தெரிந்த செய்தி. ஆகவே குடலில்தான் ஏதோ இருக்கிறது என்று ஒரு தாய் நினைப்பதில் மூடத்தனம் எதுவும் இல்லை. இந்த ஆராய்ச்சியின் தொடக்கத்திலும் ஒரு தாய்தான் இருக்கிறார். எலன் போல்ட்டி என்ற அமெரிக்கப் பெண், காதுத் தொற்றுக்காகத் தொடர்ந்து ஆன்டிபயாட்டிக் கொடுக்கப்பட்ட தம் மகனிடம் அதன் பிறகு ஏற்பட்ட மாற்றத்தைக் கவனித்து, குடலில் வேண்டாத கிருமி ஒன்று குடியேறியிருக்கலாம் என்ற கருதுகோளை 1998இல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார். அதை ஒட்டி 2000இல் வெளிவந்த சிறிய ஆய்வொன்றில் 11 குழந்தைகளுக்கு வேன்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் வாய்வழியாகக் கொடுக்கப்பட்டது. பெரும்பாலானவர்களிடம் தற்காலிகமாக முன்னேற்றம் தெரிந்தது, மருந்து நின்றபின் அது கரைந்துபோனது.

என் தகுதியையும் சொல்லிவிட வேண்டும். நான் விஞ்ஞானி அல்லன். பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தின் விலங்குக்கூடத்தில் இரண்டு ஆண்டுகள் உதவியாளனாக இருந்தேன். அங்கே ஆராயப்பட்டது மனஅழுத்தம், ஆட்டிசம் அல்ல. ஆனால் நடத்தையை அளக்கும் பெட்டிகளும் கடிகாரங்களும் இரண்டு துறைக்கும் ஏறக்குறைய ஒன்றே. அக்காவின் கேள்விக்குப் பிறகு நான் படித்த ஆய்வுகளையெல்லாம் அந்தக் கூண்டுகளின் வாடை நினைவில் இருக்கவே படித்தேன். அதனால்தான் மற்றவர்கள் தாண்டிப் போகும் இடத்தில் நான் நின்றுவிட்டேனோ என்னவோ.

முதலில் பேரெடுத்த ஆய்வு 2013 டிசம்பரில் ‘செல்’ இதழில் வந்தது. கலிஃபோர்னியாவில் கால்டெக் நிறுவனத்தின் ஈலேன் சியாவோ, சார்கிஸ் மஸ்மானியன், பால் பேட்டர்சன் ஆகியோரின் குழு செய்தது. கருவுற்ற சுண்டெலிக்குப் பாலி ஐ-சி என்ற செயற்கைப் பொருளை ஊசியில் ஏற்றுவார்கள். அதில் வைரஸ் எதுவும் இல்லை. ஆனால் வைரஸின் மரபுப்பொருளைப் போலத் தோற்றம் காட்டுவதால் தாயின் நோய் எதிர்ப்பு மண்டலம் ஏமாந்து போருக்கு எழும். கருக்காலத்தின் நடுவில், ஏறக்குறைய பன்னிரண்டாம் நாளில் இப்படி ஏமாற்றப்பட்ட தாய்க்குப் பிறக்கும் குட்டிகள் வளர்ந்தபின் மற்ற எலிகளோடு குறைவாகப் பழகும், குறைவாக ஒலியெழுப்பும், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும். அந்தக் குட்டிகளின் குடற்சுவரும் கசிவுடையதாக இருந்தது என்பதே சியாவோ கண்ட புதுச்செய்தி. பால்குடி மறக்கும் மூன்றாம் வாரத்தில் பாக்டீராய்டஸ் ஃப்ராஜிலிஸ் என்ற பாக்டீரியாவை ஆப்பிள் கூழில் கலந்து, ஒரு நாள் விட்டு ஒரு நாளாக ஆறு நாள் கொடுத்தார்கள். கசிவு குறைந்தது, ஒலியெழுப்புவது கூடியது, பதற்றமும் திரும்பத் திரும்பச் செய்வதும் தணிந்தன.

இவ்வளவும் செய்தித்தாள்களில் வந்தன. வராத இரண்டு செய்திகளும் அதே கட்டுரைக்குள்ளேயே இருந்தன. ஒன்று, மற்ற எலிகளோடு பழகுவதில் இருந்த குறை இந்தச் சிகிச்சையால் மாறவில்லை. இரண்டு, கொடுத்த பாக்டீரியா அந்தக் குடலில் நிலையாகத் தங்கவும் இல்லை. வந்து, ஏதோ செய்துவிட்டு, போய்விட்டது. செய்தது என்ன என்பதற்கு அவர்கள் காட்டிய தடயம், குடல் நுண்ணுயிர்களின் வேலையால் உண்டாகும் 4-எத்தில்ஃபீனைல் சல்ஃபேட் என்ற சிறு மூலக்கூறு. பாதிக்கப்பட்ட குட்டிகளின் இரத்தத்தில் அது இயல்பைப் போல 46 மடங்கு இருந்தது. சிகிச்சைக்குப் பின் குறைந்தது. நல்ல எலிக்கு அதை மட்டும் ஊசியில் ஏற்றியபோது அந்த எலி பதற்றம் காட்டியது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இந்தக் கடைசிச் சோதனைதான், ஏனென்றால் அதில் பாக்டீரியாவே இல்லை. ஒரு பொருள், ஒரு விளைவு.

திரும்பத் திரும்பச் செய்வதை எப்படி அளப்பார்கள் என்று அக்கா கேட்டாள். கோலிக்குண்டு வைத்துத்தான். கூண்டில் விரற்கடைக் கணக்கில் மரத்தூளோ சோளத்தக்கைத் தூளோ பரப்பி, அதன் மேல் இருபது கோலிக்குண்டுகளை ஐந்து ஐந்தாக நான்கு வரிசையில் வைத்து, எலியை விட்டு அரைமணி நேரம் கழித்துப் பார்ப்போம். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மூடியிருக்கும் குண்டு ‘புதைக்கப்பட்டது’ என்று கணக்கு. அரைகுறையாக மூடியிருக்கும் குண்டைச் சேர்ப்பதா விடுவதா என்று நானும் கூட வேலை பார்த்தவரும் மூக்கைத் தரைக்குக் கொண்டுபோய் வாதாடிய நாட்கள் உண்டு. எலி ஏன் புதைக்கிறது என்பதில் இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை: பதற்றம் என்பார்கள், பழக்கம் என்பார்கள், தோண்டும்போது தற்செயலாக மூடிக்கொள்கிறது என்றும் சொல்வார்கள். என் மருமகனும் கோலிக்குண்டு வைத்து மணிக்கணக்கில் விளையாடுவான். அவன் புதைப்பதில்லை, நிறம் பார்த்து வரிசையில் அடுக்குவான், ஒன்றை யாராவது நகர்த்தினால் உடனே கண்டுபிடிப்பான். இரண்டையும் ஒரே சொல்லால் குறிக்கலாம். ஒரே காரணம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

பழகுதலை அளக்கும் பெட்டிக்கு மூன்று அறைகள். நடு அறையில் சோதனை எலி. ஒரு பக்க அறையில் கவிழ்த்த கம்பிக்கிண்ணத்துக்குள் அறிமுகமில்லாத ஓர் எலி. மறுபக்கத்தில் அதே கிண்ணம், உள்ளே பொருள் மட்டும் அல்லது வெறுமை. பத்து நிமிடத்தில் எந்தக் கிண்ணத்தை எத்தனை நொடி மோந்து பார்க்கிறது என்பதுதான் ‘சமூக நாட்டம்’. இரண்டு கையிலும் இரண்டு நிறுத்துக்கடிகாரம் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி அழுத்துவது என் வேலையாக இருந்தது. எந்த எலி எந்தக் குழு என்று எனக்குச் சொல்லமாட்டார்கள். வாலில் போட்ட மைக்கோடுகளை வைத்து எண் மட்டும் தெரியும்.

இந்த மூன்றறைப் பெட்டியைக் கொண்டு 2016இல் டெக்சஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில், பெய்லர் மருத்துவக் கல்லூரியின் மௌரோ கோஸ்டா-மட்டியோலி குழுவும் ஷெல்லி பஃபிங்டனும் செய்த ஆய்வு மிக அழகானது. இங்கே தாய்க்கு ஊசியில்லை. கலோரியில் 60 விழுக்காடு கொழுப்பாக இருக்கும் உணவு மட்டும். அப்படிப்பட்ட தாயின் குட்டிகள் சாதாரண உணவே உண்டு வளர்ந்தாலும் மற்ற எலிகளிடம் ஆர்வம் காட்டவில்லை. அந்தக் குட்டிகளை நல்ல குட்டிகளோடு ஒரே கூண்டில் நான்கு வாரம் விட்டபோது பழகத் தொடங்கின. மருந்து இல்லை, ஊசி இல்லை, வெறும் கூட்டுக்குடித்தனம். காரணம் நாகரிகமானது அல்ல: சுண்டெலி தன் புழுக்கையையும் கூண்டுக்காரர்களின் புழுக்கையையும் தின்னும். ஒரு கூண்டில் இருப்பவற்றின் குடல் நுண்ணுயிர்கள் சில வாரங்களில் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். இரு வகைக் குட்டிகளின் நுண்ணுயிர்களையும் ஒப்பிட்டபோது பழகாத குட்டிகளிடம் லாக்டோபேசில்லஸ் ராய்ட்டரை என்ற பாக்டீரியா இனம் ஒன்பது மடங்குக்கும் மேல் குறைந்திருந்தது தெரிந்தது. அதை மட்டும் குடிநீரில் கலந்து கொடுத்தார்கள், பழகுதல் மீண்டது. சூடாக்கிக் கொன்ற ராய்ட்டரை பயன்படவில்லை. அதன் நெருங்கிய உறவான ஜான்சோனியும் பயன்படவில்லை. பதற்றமும் திரும்பத் திரும்பச் செய்வதும் ராய்ட்டரையால் மாறவில்லை. நல்ல எலியின் மலத்தை இன்னொன்றின் குடலுக்குள் செலுத்தும் மலமாற்றமும் நான்காம் வாரத்தில் செய்தால் பலித்தது, எட்டாம் வாரத்தில் செய்தால் பலிக்கவில்லை.

கவனித்தீர்களா? கால்டெக்கில் பழகுதல் தவிர மற்றவை மாறின. ஹூஸ்டனில் பழகுதல் மட்டும் மாறியது. இரண்டும் ‘ஆட்டிசம் போன்ற நடத்தை சரியானது’ என்ற ஒரே தலைப்பில்தான் செய்தியாயின.

2019இல் அதே ஹூஸ்டன் குழு இன்னும் ஒரு படி போனது. மரபணு மாற்றத்தால் பாதிக்கப்பட்டவை, கருவில் வால்ப்ரோயிக் அமிலம் என்ற வலிப்பு மருந்து பட்டவை, பிறவியிலேயே பழகாத இனத்தைச் சேர்ந்தவை என்று வெவ்வேறு வகை எலிகளிலும் ராய்ட்டரை வேலை செய்வதைக் காட்டியது. அந்தப் பாக்டீரியா ஒட்டுமொத்தக் குடல் நுண்ணுயிர்க் கூட்டத்தை மாற்றவில்லை. குடலிலிருந்து மூளைக்குச் செல்லும் வேகஸ் நரம்பை அறுத்துவிட்டால் பலன் இல்லை. மூளையில் டோப்பமின் சுரக்கும் செல்களில், பழகுதலோடு தொடர்புடைய ஆக்சிடோசின் என்ற ஹார்மோனின் ஏற்பியை நீக்கிவிட்டாலும் பலன் இல்லை. அதாவது வயிற்றில் இருப்பது ஒரு தந்திக்கம்பி வழியாக மூளையின் ஒரு குறிப்பிட்ட மணியை அடிக்கிறது. இப்படி வழியைத் துண்டித்துப் பார்த்து உறுதி செய்வது மனிதக் குழந்தையிடம் ஒருநாளும் முடியாத காரியம். விலங்காய்வுக்கு நியாயம் உண்டென்றால் அது இந்த இடத்தில்தான் என்பேன்.

இனி நான் நின்றுவிட்ட இடம். விலங்குக்கூடத்தில் எனக்கு ஒரு பழைய சங்கடம் உண்டு. ஒரு தொகுதி எலிகளில் ஐந்து மட்டும் திறந்தவெளிப் பெட்டியில் விட்டவுடன் சுவரோரம் ஒட்டிக்கொண்டு நடுங்கின. அழுத்தத்துக்கு உட்பட்ட குழு போலும் என்று மனத்துக்குள் முடிவு செய்து மகிழ்ந்தேன். பிறகு குறியீட்டை அவிழ்த்துப் பார்த்தால் ஐந்தும் ஒரே கூண்டு; அந்தக் கூண்டு அடுக்கின் மேல்தட்டில், குழல்விளக்குக்கு ஒரு முழம் கீழே இருந்தது. குழுவுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. எங்கள் பொறுப்பாளர் திட்டவில்லை. “இது ஐந்து எலி இல்லை, ஒரு கூண்டு” என்று மட்டும் சொல்லிவிட்டு அட்டவணையில் அந்த ஐந்தையும் ஒரே வரியாக மாற்றி எழுதினார். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நாம் சொல்வதை அன்றுதான் தலைகீழாகப் புரிந்துகொண்டேன்: ஒரே பானையிலிருந்து நூறு பருக்கை எடுத்து நசுக்கிப் பார்த்தாலும், தெரிந்துகொண்டது ஒரு பானையைப் பற்றித்தான். நூறு பானை வெந்துவிட்டது என்று யாரும் எழுத முடியாது.

குடல் நுண்ணுயிர் ஆய்வில் இந்தச் சிக்கல் மற்ற எந்தத் துறையையும்விடக் கூர்மையானது, ஏனென்றால் இங்கே ஆராயப்படும் பொருளே புழுக்கை வழியாகக் கூண்டுக்குள் பரவுகிறது. தாயிடமிருந்து ஓர் ஈற்றுக் குட்டிகள் அனைத்துக்கும் ஒரே நுண்ணுயிர்கள் போகின்றன. கூண்டு அதை இன்னும் ஒன்றாக்குகிறது. ஆக எட்டுக் குட்டிகளை எட்டுச் சான்றுகளாக எண்ணினால் கணக்கு தப்பு. எண்ண வேண்டியது தாய்களை, கூண்டுகளை. மனிதரிடமிருந்து மலம் பெற்றுச் செய்த ஆய்வானால், மலம் தந்த மனிதர்களை.

இந்தக் கடைசி வகைக்கு 2019இல் ‘செல்’ இதழில் மஸ்மானியன் குழு வெளியிட்ட ஆய்வே சான்று. ஆட்டிசம் உள்ளவர்களின் மலத்தையும் இல்லாதவர்களின் மலத்தையும் நுண்ணுயிரே இல்லாத எலிகளுக்குள் செலுத்தி, அவற்றின் குட்டிகளைச் சோதித்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்களின் நுண்ணுயிர்களைப் பெற்ற குட்டிகள் அதிகக் கோலிக்குண்டுகளைப் புதைத்தன, குறைவாக ஒலியெழுப்பின. மலமே ஆட்டிசத்தை எலிக்கு மாற்றிவிட்டது என்ற தோரணையில் உலகம் முழுக்கச் செய்தி போனது. நடத்தைச் சோதனையில் குட்டிகள் ஏராளம். ஆனால் மலம் தந்த மனிதர்கள் பத்துப் பேர்கூட இல்லை. நியூசிலாந்தைச் சேர்ந்த தாமஸ் லம்லி என்ற புள்ளியியலாளர் இதைப் பொதுவெளியில் சுட்டிக்காட்டினார்: ஒரே மனிதரின் நுண்ணுயிர்களைச் சுமக்கும் குட்டிகளைத் தனித்தனிச் சான்றுகளாக எண்ணக்கூடாது, மனிதர் வாரியாக எண்ணினால் வேறுபாட்டின் உறுதி வெகுவாகத் தளர்ந்துவிடும் என்று. பானை பத்துக்கும் குறைவு, பருக்கைதான் நிறைய. அந்த ஆய்வில் பொய் எதுவும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். எண்ணிக்கையின் அலகு மட்டும்தான் பிழை, ஆனால் அதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஆட்டிச ஆய்வோடு நிற்கும் குறை அல்ல இது. 2020இல் ஜென்ஸ் வால்ட்டர் என்ற நுண்ணுயிர் ஆய்வாளரும் உடன் சிலரும், மனித மலத்தை எலிக்குள் செலுத்தி நோய்க்கூறு தாவுகிறதா என்று பார்த்த 38 ஆய்வுகளைத் தொகுத்துப் படித்தார்கள். அவற்றில் 36 ஆய்வுகள் ‘தாவியது’ என்றன. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து! உடல்பருமன் முதல் மனநோய் வரை எதைக் கேட்டாலும் ஆமாம் என்று தலையாட்டும் சோதனையை, பூம்பூம் மாட்டை நம்புகிற அளவுக்குத்தான் நம்பலாம் என்பது என் எண்ணம். அவர்கள் இதை நாகரிகமான சொற்களில் எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் அதே கூண்டு, கவனமாகக் கையாள்பவருக்கு, கண்டுபிடிப்பாகவும் மாறும். கருவுற்ற தாய்க்குப் பாலி ஐ-சி ஏற்றும் முறை ஒரு நிறுவனத்தின் எலியிடம் பலிக்கிறது, இன்னொரு நிறுவனத்தின் எலியிடம் பலிக்கவில்லை. அமெரிக்காவில் டக்கோனிக் என்ற வளர்ப்பகத்தின் எலிகளுக்குக் குடலில் நூல்போன்ற ஒருவகைப் பாக்டீரியா உண்டு. ஜாக்சன் ஆய்வகத்தின் எலிகளுக்கு அது இல்லை. இரண்டும் பெயரளவில் ஒரே இனம். குளோரியா சோய், ஜுன் ஹூ ஆகியோரின் குழுக்கள் 2016, 2017 ஆண்டுகளில் காட்டியது இது: அந்த நூற்பாக்டீரியா இருக்கும் தாயிடம்தான் ஐஎல்-17ஏ என்ற நோய் எதிர்ப்பு மண்டலப் புரதம் பொங்கியெழுந்து கருவின் மூளைப் புறணியைப் பாதிக்கிறது. முன்கூட்டியே தாய்க்கு வேன்கோமைசின் கொடுத்து அதை நீக்கினால் குட்டிகள் பாதிக்கப்படவில்லை. ஜாக்சன் எலிக்கு அந்த நூற்பாக்டீரியாவைக் கொடுத்தால் குட்டிகள் பாதிக்கப்பட்டன. எந்த வளர்ப்பகத்தில் வாங்கினோம் என்பது, அதுவரை கட்டுரையின் முறையியல் பகுதியில் பொடி எழுத்தில் கிடந்த தகவல், இங்கே விடையாகவே ஆகிவிட்டது.

ஹூஸ்டன் குழு 2021இல் செய்ததும் இதே வகை. சிஎன்டிநாப்2 என்ற மரபணு இல்லாத எலிகள் அளவுக்கு மீறி ஓடியாடும், பழகவும் செய்யாது. அவற்றை இயல்பான எலிகளோடு சேர்த்து வளர்த்தபோது பழகாமை மறைந்தது, ஓட்டம் அப்படியே இருந்தது. ஓட்டம் மரபணுவின் வேலை. பழகாமை நுண்ணுயிர்களின் வேலை. ஓர் உயிரிடம் காணும் இரண்டு ‘அறிகுறி’களுக்கு இரண்டு வேர்கள் இருக்கலாம், ஒன்றைப் பிடித்து இழுத்தால் மற்றது அசையாது. ‘ஆட்டிசத்தின் அறிகுறிகள் குறையும்’ என்று பன்மையில் மொத்தமாக எழுதிய அந்த விலைப்பட்டியலை எனக்கு அங்கேதான் கிழிக்கத் தோன்றியது.

மனிதர் பக்கம் வருவோம். மனிதர் ஒரு கூண்டில் இருப்பதில்லை, தம் உணவைத் தாமே தேர்கிறார்கள். அங்கேதான் காரணமும் விளைவும் இடம் மாறிவிடுகின்றன. 2021இல் ஆஸ்திரேலிய ஆட்டிசம் உயிர்வங்கியிலிருந்து 247 குழந்தைகளின் மல மாதிரிகளை ஆராய்ந்தார்கள். அவர்களில் 99 பேர் ஆட்டிசம் உள்ளவர்கள், மற்றவர்களில் அவர்களின் உடன்பிறந்தாரும் உண்டு. ஆட்டிசத்துக்கும் நுண்ணுயிர்களுக்கும் நேரடித் தொடர்பு ஏறக்குறைய இல்லை. உணவோடு தொடர்பு இருந்தது. ஆட்டிசம் உள்ள குழந்தைகள் சுவை, மணம், தொடுவுணர்வு காரணமாகச் சில உணவுகளையே உண்கிறார்கள்; உணவின் வகை குறைவதால் குடல் நுண்ணுயிர்களின் வகையும் குறைகிறது. குடல் மாறியதால் ஆட்டிசம் வரவில்லை. ஆட்டிசம் இருப்பதால் தட்டு மாறியது, தட்டு மாறியதால் குடல் மாறியது. இதைப் படித்தபோது தாளிக்காத தயிர்சாதம் கண்முன் வந்தது. தயிரில் ஒரே ஒரு கடுகு கிடந்தால் தட்டைத் தள்ளிவிடும் பிள்ளையின் மலத்தை எடுத்து, இவனுக்குக் குடல் நுண்ணுயிர் வளம் குறைவு என்று அறிக்கை கொடுப்பது எளிது. அறிக்கை உண்மையாகவே இருக்கும், அவன் தட்டைப் பார்த்தே அதை எழுதிவிடலாம் என்பதுதான் விஷயம்.

சிகிச்சை முயற்சிகளும் நடந்திருக்கின்றன. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ரோசா கிராஜ்மால்னிக்-பிரவுன் குழு 2017இல் 18 குழந்தைகளுக்கு இரண்டு வாரம் வேன்கோமைசின், பிறகு குடல் கழுவல், பிறகு ஏழெட்டு வாரம் ஆரோக்கியமானவர்களின் மல நுண்ணுயிர்கள் என்று கொடுத்ததில் வயிற்றுத் தொல்லைகள் ஏறக்குறைய 80 விழுக்காடு குறைந்தன. நடத்தையிலும் முன்னேற்றம் பதிவானது. ஆனால் வெற்று மருந்து கொடுக்கப்பட்ட ஒப்பீட்டுக் குழு இல்லை, சிகிச்சை நடப்பது பெற்றோருக்குத் தெரியும், நடத்தையை மதிப்பிடுவதில் அவர்களுக்கும் பங்கு உண்டு. அந்த இடத்தில் அக்கா இருந்தால் நம்பிக்கையின் கண்ணாலேயே மதிப்பெண் போடுவாள், நானும்தான். இத்தாலியில் 43 குழந்தைகளிடம் ராய்ட்டரையைக் கொண்டு, யாருக்கு எது கொடுக்கப்படுகிறது என்பது இருபக்கமும் தெரியாமல் நடத்திய ஆய்வு 2024இல் வெளியானது. சமூக நடத்தையின் சில அளவுகளில் முன்னேற்றம் தெரிந்தது. ஆட்டிசத்தின் ஒட்டுமொத்தத் தீவிரத்தில் மாற்றம் இல்லை, திரும்பத் திரும்பச் செய்வதிலும் இல்லை. ஹூஸ்டன் எலியும் இதையேதான் காட்டியது என்பது என்னைச் சற்று நிமிர்ந்து உட்கார வைத்தது. 43 பேர் மட்டும் என்பது மறுபடி சாய்ந்து உட்கார வைத்தது. 2025இல் கெவின் மிட்செல், டேரன் டாலி, டாரத்தி பிஷப் ஆகிய மூன்று ஆய்வாளர்களும் ‘நியூரான்’ இதழில் எலி ஆய்வுகள், மனித ஒப்பீடுகள், சிகிச்சை முயற்சிகள் என்று எல்லாவற்றையும் எடுத்து அலசி, இந்தத் தொடர்புக்கு அடித்தளமே உறுதியாக இல்லை என்று எழுதினார்கள். வேகஸ் நரம்பை அறுத்துப் பார்த்த ஆய்வை நான் அவ்வளவு எளிதில் ஒதுக்கமாட்டேன். மனிதரைப் பற்றிய பகுதியில் அவர்களோடு எனக்கு வழக்கு இல்லை.

அக்கா அந்தப் பொடியின் டப்பாவைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி வாங்கியிருந்தாள். பத்துப் பாக்டீரியாக்களின் பெயர்கள் அதில் இருந்தன. ராய்ட்டரை பட்டியலில் ஏழாவது. எந்த உட்பிரிவு என்று குறிக்கவில்லை, மொத்த எண்ணிக்கையைப் போட்டிருந்தார்களே தவிர அதன் பங்கு எவ்வளவு என்று போடவில்லை. எலியிடம் ஒரு பாக்டீரியா பலித்து அதன் ஒன்றுவிட்ட உறவு பலிக்காத துறையில், பத்துப் பேரை ஒரே டப்பாவில் அடைப்பது கல்யாண வீட்டில் தெரிந்தவர் ஒருவராவது இருக்கட்டும் என்று ஊரையே அழைப்பது போன்றது. உயிருள்ள பாக்டீரியா என்றால் சென்னை வெயிலில் கூரியர் வண்டியில் மூன்று நாள் கிடந்தபின் அவற்றில் எத்தனை உயிரோடு இருக்கும் என்று அவள் அந்த மையத்தைக் கேட்டாளாம். எதிர்முனையில் இருந்தவர், உணவு ஆலோசகர் மறுபடி அழைப்பார் என்று சொல்லி வைத்துவிட்டார்.

நான் அவளிடம் சொன்னது இரண்டே. பணத்தைக் கட்டாதே. மலச்சிக்கலை ஆட்டிசத்தின் கணக்கில் எழுதாமல் மலச்சிக்கலாகவே ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்டு. அவர் வயிற்றை அழுத்திப் பார்த்து, மலம் இளக்கும் ஒரு மருந்தை எழுதி, தினமும் இரவு உணவுக்குப் பின் பத்து நிமிடம் காலுக்கடியில் ஒரு முக்காலி வைத்து உட்காரவைக்கச் சொன்னார். மூன்று வாரத்தில் நான்கு நாள் என்பது ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆனது. அழுகை நின்றது, தூக்கமும் கூடியது. இந்த மூன்று வாரத்தில் அவன் பக்கத்து வீட்டுப் பையனிடம் ஒரு கோலிக்குண்டைக் கொடுத்திருக்கிறான், இதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை. குடலைச் சரிசெய்ததால் பழகுதல் வந்தது என்று அக்கா சொல்லத் தொடங்கினாள். வயிறு வலிக்காத பிள்ளை விளையாடும் என்று நான் சொன்னேன். யார் சரி என்று தீர்ப்பதற்கு எங்களிடம் இருப்பது ஒரே ஒரு பானை.

போன வாரம் அவள் இன்னொரு செய்தித் துணுக்கை அனுப்பினாள்: எலிகளில் ஆட்டிசம் போன்ற நடத்தையைப் புதிய புரோபயாட்டிக் ஒன்று சரிசெய்ததாம். நான் திறந்து படித்து முடிக்குமுன் அடுத்த வரி வந்தது. “முப்பது குட்டின்னு போட்டிருக்கான். எத்தனை தாய்னு எங்கயுமே போடலையேடா?”